தர்மிளாவுக்குப் பேர் போட்ட நாள்

"போலீசுக்காரப் புள்ள எங்க? எழுப்பு அவள."

அழகம்மாவின் குரலுக்குக் கதவு ஒரு பொருட்டில்லை. ரோஷானி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மழைக்கு முந்திய காற்று தகரக் கூரையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் சாயங்காலக் கொழுந்து நிறுவை முடிந்து லயத்து வீடுகளுக்குத் திரும்பும் நேரமாக இருக்க வேண்டும். எழும்பி முகம் கழுவ வேண்டும் என்று காலையில் நினைத்தது ஞாபகமிருந்தது. நடுவில் ஒரு முழுப் பகல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அவளுக்குச் சொகமில்லீங்க பெரியம்மா," என்றான் வாசலில் நின்ற அண்ணன் ரொபர்ட்.

"என்னடா சொகமில்ல? காய்ச்சலா? கை கால் ஒடைஞ்சிருச்சா? படுத்துக்கிட்டே சம்பளம் வாங்குற போலீசு நம்ம தோட்டத்துலதான் இருக்கு. எம் மருமவளக் காணோம்டா. எழுப்பு."

ரொபர்ட் எழுப்பவில்லை. அழகம்மா தானே உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தது ரோஷானியின் காலின் மேல். அதனால்தான் ரோஷானி எழும்பினாள். வேறு காரணம் இல்லை.

நிவித்திகலவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பொலிஸில் சேர்ந்த முதல் பெண் ரோஷானி. தூரத்து நகரமொன்றின் நிலையத்தில், தமிழில் வரும் முறைப்பாடுகளைச் சிங்களத்தில் சொல்வது அவள் வேலை. அழுதுகொண்டு வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பேச்சை மாற்றிச் சொல்லும்போது, கதை எந்த இடத்தில் பொய்யாகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் வார்த்தை அடுத்த மொழிக்குப் போக மறுத்து நிற்கும். ஓடிப்போன ஒரு கணவனையும், திருட்டுப்போன தையல் மெஷின்களையும் அவள் அப்படித்தான் கண்டுபிடித்துக் கொடுத்தாள். நிலையத்தில் அவளுக்கு 'டிடெக்டிவ் நங்கி', துப்பறியும் தங்கச்சி, என்று பெயர்.

பிறகு ஒரு காலையில் சப்பாத்து நாடாவைக் கட்ட முடியவில்லை. மடியில் சப்பாத்தை வைத்துக்கொண்டு, மற்றப் பெண்கள் வேலை முடிந்து வரும்வரை விடுதிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்ன நடந்தது என்று எல்லாரும் கேட்டார்கள். அவளும் கேட்டுப் பார்த்தாள். ஒரு வழக்கைப்போலத் தன் வாழ்க்கையை விசாரித்தாள். காதல் இல்லை, சண்டை இல்லை, மேலதிகாரி திட்டியது எல்லாரையும் திட்டியதுதான். குற்றவாளியே இல்லாத குற்றம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதற்கு ஒரு பெயர் சொன்னார், குளிசை தந்தார், லீவுக்கு எழுதிக் கொடுத்தார். குளிசை நாக்கை மரத்தூளாக்கியது. தோட்டத்தில் பேய் என்றார்கள், காதல் என்றார்கள், சோம்பல் என்றார்கள். டாக்டரம்மா சொன்ன பெயரை அவள் வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

"சொல்லுங்க பெரியம்மா," என்றாள் இப்போது. குரல் துருப்பிடித்திருந்தது.

"தர்மிளாவக் காணோம். காலையில பெரட்டுக்குப் போய் பேர் குடுத்தா, மலைக்குப் போனா, மத்தியானம் கொழுந்து நிறுத்திருக்கா. அப்புறம் ஆளில்ல. அந்தப் பாண்காரன் இருக்கானே, பாணும் பன்னும் விக்கிற ரிப்கான், அவன் ஆட்டோ அந்நேரந்தான் பாட்டுப் போட்டுக்கிட்டுக் கீழ் ரோட்டுல எறங்கிச்சாம். பாத்தவளுக பாத்ததச் சொல்றாளுக. எம் மவன் பொடியன்களக் கூட்டிக்கிட்டு மோட்டார் சைக்கிள்ல டவுனுக்குப் போயிருக்கான். அவனப் புடிச்சா என்ன செய்வானுகன்னு தெரியல. அதுக்கு முந்தி போலீசுக்குச் சொல்லிரு."

"தர்மிளா அந்த ஆள்கிட்ட பேசுவாங்களா?"

"பேசுறதா? பாண் வாங்கப் போனா சிரிப்புத்தான்."

"கடைசியா எப்ப சிரிச்சாங்க?"

அழகம்மா முந்தானையை உதறினாள்.

"இது என்னடி கேள்வி. இப்பக் கொஞ்ச நாளா நான்தான பாண் வாங்கப் போறேன். அவ எழும்பினாத்தான."

ரோஷானி போனை எடுத்துப் பக்கத்து நிலையத்துக்குப் பேசினாள். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "நங்கி, லொக்கு கெனெக்னே. ஹெட்ட உதேட்ட எண்ட கியண்ட." பெரிய ஆள்தானே, வராவிட்டால் நாளைக்குக் காலையில் வரச் சொல்லுங்கள். அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

"நாளைக்குன்னா நாளைக்கு," என்றான் ரொபர்ட். "ஓடிப்போனவ இன்னைக்கே வந்துருவாளா. இந்தத் தோட்டத்துல இன்னைக்கு எல்லாம் தலைகீழாத்தான் நடக்குது. எம் பொண்டாட்டிக்கே மத்தியானக் கொழுந்து கொறைஞ்சு போச்சாம், கங்காணி சிரிக்கிறாரு. இவ பொறந்ததுலேர்ந்து அப்படி நடந்ததில்ல."

அவன் மனைவி பிரேமலதா அடுப்படியில் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். அந்தத் தோட்டத்தில் அவளைவிட வேகமான கையும் இல்லை, வாயும் இல்லை. வேறு நாளாக இருந்தால் கணவனுக்கு அவள் பதில் இதற்குள் மூன்று வீடு தாண்டிக் கேட்டிருக்கும். அவள் ஊதிக்கொண்டே இருந்தாள். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"நான் ஒங்க வீட்டப் பாக்கணும் பெரியம்மா," என்றாள் ரோஷானி.

அடுத்த லயத்துக்கு நடக்கும்போது கால்கள் ஈரச் சீமெந்து மூட்டையாக இருந்தன. வாசல்களில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தி அவளைப் பார்த்தார்கள். காணாமல் போனவளைவிட அவள் வெளியே வந்ததுதான் பெரிய செய்தி. நீ தப்பாகத்தான் சொல்லப்போகிறாய், திரும்பிப் போய்ப் படு என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே வந்தது. அது எப்போதும் சொல்வதுதான்.

தர்மிளாவின் வீட்டில் நுழைந்ததும் ரோஷானி நின்றுவிட்டாள்.

எல்லாம் துப்புரவாக இருந்தது. அடுப்பு மெழுகி, பானைகள் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மகளின் பள்ளிக்கூட வெள்ளைக் கவுன்கள் ஒரு கிழமை முழுவதற்கும் சுருக்கமில்லாமல் மினுக்கி அடுக்கப்பட்டிருந்தன. புருஷன் சுரேந்திரனின் சட்டைப் பொத்தான்கள் புதிதாகத் தைக்கப்பட்டிருந்தன. சாமிப் படத்துக்கு முன்னால், ஒரு தட்டில், தர்மிளாவின் தோடு.

"பாத்தியா," என்றாள் அழகம்மா. "திட்டம் போட்டுத்தான் போயிருக்கா. மாசக்கணக்கா சட்டியக் கழுவாம மூலையில கெடந்தவ, நேத்து ராத்திரி பூராத் தேய்க்கிறா. திருந்திட்டாளேன்னு நெனச்சேன் நான், கேனச்சி."

"மூலையில கெடந்தாங்களா?"

"சொன்னா வெக்கம். தலை சீவ மாட்டா. புள்ள கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. வேலைக்கு மட்டும் போவா, பேர் வெட்டிருவாங்கன்னு. வந்தா ஒன்னைய மாதிரித்தான், சுவரப் பாத்துக்கிட்டு."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அழகம்மாவுக்கு உறைத்தது. ரோஷானி அதைக் கவனித்ததாகக் காட்டவில்லை. அவள் கவிழ்த்து வைத்த பானைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாசிமாதம் ஒரு சனிக்கிழமை, விடுதியில், தன் பெட்டியை அவள் இப்படி அடுக்கியிருந்தாள். மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று துவைக்காத ஒரு துணிகூட மிச்சம் வைக்கவில்லை. அன்று அறைத்தோழி பஸ்ஸைத் தவறவிட்டுத் திரும்பி வந்தாள். அதை ரோஷானி யாருக்கும் சொன்னதில்லை.

ஓடிப்போகிறவள் வீட்டை இப்படி வைத்துவிட்டுப் போகமாட்டாள். ஓடிப்போகிறவளுக்கு அவசரம் இருக்கும், ஆசை இருக்கும். ஒரு தோடாவது எடுத்துக்கொள்வாள்.

"படங்கு எங்க?" என்று கேட்டாள். கொழுந்து எடுக்கும்போது பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் கனத்த பிளாஸ்டிக் விரிப்பு அது. வழக்கமாகத் தொங்கும் ஆணி வெறுமையாக இருந்தது.

"கட்டிக்கிட்டுத்தான் போனா."

"சீல?"

"எல்லாம் பெட்டியில இருக்கு. நான் பாத்தேன்."

"அப்ப மத்தியானம் வீட்டுக்கே வரல. படங்கக் கட்டிக்கிட்டா ஒரு பொம்பள பாண்காரனோட ஓடிப்போவா?"

"மலையிலேர்ந்தே நேராப் போயிருப்பா."

"எந்த மலை இன்னைக்கு?"

"ஏழாம் நம்பரு."

ஏழாம் நம்பர் மலையிலிருந்து கீழ் ரோட்டுக்கு வர, லயத்தின் நடுவால் இறங்க வேண்டும். அத்தனை வாசலிலும் யாராவது இருப்பார்கள். ஆட்டோவைப் பார்த்தவர்கள் பலர். தர்மிளாவைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. அவள் மத்தியானம் வரை மலையில் இருந்தாள் என்பதற்கு ஒரே சாட்சி, நிறுவையில் தொங்கிய அவள் பை.

ரோஷானி வாசற்படியில் உட்கார்ந்தாள். யோசிக்க அல்ல, கால் நிற்கவில்லை. உட்கார்ந்ததும் பழைய ஒரு நாள் வந்தது. பரீட்சை முடிவுக்கும் பொலிஸ் பயிற்சிக்கும் நடுவில் அவளும் கொஞ்சக் காலம் கொழுந்து எடுத்திருக்கிறாள். வயிற்றுவலியில் சுருண்டு தேயிலைக்குள் படுத்துவிட்ட ஒரு காலையில், கண் விழித்தபோது அவளுடைய பை நிறைந்திருந்தது. யார் போட்டது என்று ஒருத்தியும் சொல்லவில்லை. கூலிக் கணக்கில் முழு நாளுக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப் பேர். நிறுவையில் பை இல்லாவிட்டால் அன்றைய பேர் இல்லை. ஆகவே மலையில் ஒருத்திக்கு முடியாமல் போனால், பக்கத்து நிரையில் நிற்பவள் தன் கொழுந்திலிருந்து அள்ளி அவள் பைக்குள் போடுவாள். எல்லாரும் செய்வார்கள். யாரும் பேசமாட்டார்கள். பேசினால் இருவருக்கும் பேர் வெட்டு.

அவள் எழுந்து தன் வீட்டுக்கு நடந்தாள். இந்த முறை வாசல்களைப் பார்க்கவில்லை.

பிரேமலதா இன்னும் அடுப்படியில் இருந்தாள். ரோஷானி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணி. தோட்டமே தர்மிளாவப் பத்திப் பேசுது. நீங்க மட்டும் பேசல."

"எனக்கென்ன தெரியும்."

"ஒங்க கொழுந்து எங்க போச்சு?"

பிரேமலதா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வயித்துக்கு ஏதோன்னு நெனச்சேன் ரோஷானி. பைன் மரத்து முடக்குல பையக் குடுத்தா. 'இதப் புடிங்கக்கா, வந்துர்றேன்'னா. ஒதுங்கப் போறான்னு நெனச்சேன். அப்புறம் வரல. வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டா, பாவம், இப்பல்லாம் அவ ஒரு மாதிரித்தான இருக்கான்னு, நான்தான் ரெண்டு பைக்கும் எடுத்தேன். கணக்கப்புள்ள ரெண்டையும் நிறுத்தாரு. கீழ வந்தா, பாண்காரனோட ஓடிட்டாங்கிறாங்க. மத்தியானம் வரைக்கும் இருந்தாங்கிறாங்க. வாயத் தொறக்க வந்தேன். சுரேந்திரன் அதுக்குள்ள பைக்குல ஏறிட்டான். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னே..."

"பைன் மரத்து முடக்கு. எந்நேரம்?"

"மலைக்குப் போகும்போதே. விடிஞ்ச கையோட."

அப்படியானால் தேடுகிறவர்கள் எல்லாரும் தவறான நேரத்தில், தவறான ரோட்டில் தேடிக்கொண்டிருந்தார்கள். பாதை திரும்பும் அந்த முடக்கிலிருந்து கீழே போக, லயத்து நடுவால் வந்த வழியைத் தவிர வேறு பாதை இல்லை. யார் கண்ணிலும் படாமல் மேலேதான் போகலாம். மேலே, கைவிடப்பட்டுக் காடாகிப்போன பழைய தேயிலை. அதற்குள், வெளியாட்கள் மாணிக்கம் தேடித் தோண்டி, மூடாமல் விட்டுப்போன குழிகள். மழைக்காலம் முழுக்க அவற்றில் தண்ணீர் நிற்கும்.

ரோஷானி அதைச் சொல்லவில்லை. பிரேமலதாவே எழுந்துவிட்டாள்.

வழியில் கணக்கப்பிள்ளை நாகலிங்கத்தின் வீடு. பிரேமலதா வாசலில் நின்று, அவர் வெளியே வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்.

"ஐயா, அவ பையில கொழுந்து போட்டது நான். பேர வெட்டுறதுன்னா ரெண்டு பேருக்கும் வெட்டிக்கிருங்க. அவ காலையிலேயே மேல போயிட்டா."

நாகலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டே அவளைப் பார்த்தார். "நான் பையப் பாத்தேன். முக்காடு போட்ட தலைக்குள்ள ஆள எங்க பாக்கிறது. போட்ட பேர் போட்டதுதான்," என்றார். பிறகு குரல் மாறியது. "மேலயா? அந்தக் குழிப் பக்கமா?" டோர்ச்சை எடுக்க உள்ளே ஓடினார்.

ஏறத் தொடங்கியபோது தூறல் விழுந்தது. நாகலிங்கம் முன்னால், பிரேமலதா நடுவில், கடைசியில் ரோஷானி. ஒவ்வொரு அடிக்கும் அவள் உடம்பு உட்காரச் சொன்னது. தைரியம் என்று அவளிடம் எதுவும் இல்லை. அந்தப் பானைகள் கவிழ்ந்திருந்த விதம் மட்டும்தான் அவளை மேலே இழுத்தது.

முடக்கைத் தாண்டி, தலைக்கு மேல் வளர்ந்த தேயிலைக்குள் நுழைந்ததும் நாகலிங்கம் கையை வாயருகே குவித்தார்.

"கூப்பிடாதீங்க ஐயா," என்றாள் ரோஷானி.

"கூப்பிடாம எப்படியம்மா?"

"என்னையக் கூப்பிடும்போதெல்லாம் நான் இன்னும் உள்ளதான் போவேன். பேரச் சொல்லிக் கூப்பிட்டா, எல்லாருக்கும் நாம தொந்தரவாகிட்டோம்னு தோணும்." மூச்சு வாங்கியது. "அண்ணி, நீங்க பேசுங்க."

"நான் என்னத்தப் பேச?"

"எப்பவும் மலையில பேசுறத. யார் வீட்டு வம்பாச்சும். கொஞ்சம் சத்தமா."

பிரேமலதா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். றக்வானயில் கட்டிக்கொடுத்த தன் தங்கை, கலியாணச் சேலையை மறந்துபோய் பஸ்ஸில் விட்டதைச் சொன்னாள். மாமனார் பவுல் உயிரோடு இருந்தபோது, மாதா கோயில் பூசையில் தூங்கிப்போக, சாமியார் எழுப்பியதைச் சொன்னாள். பெரணி போல விரிந்த பன்னமும் புல்லும் காலைச் சுற்றின. ஓரிடத்தில் மண் சரிந்து, செடிக்கு நடுவே கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. நாகலிங்கம் டோர்ச்சை அடித்தார். தண்ணீர் அசையாமல் இருந்தது. அவர் அடுத்த குழிக்குப் போனார். பிரேமலதா நின்றுவிட்டாள்.

"பேசுங்க அண்ணி."

"முடியல ரோஷானி."

"பேசுங்க."

"அந்த அழகம்மாப் பெரியம்மா இருக்கே," என்றாள் பிரேமலதா, அழுதுகொண்டே. "தீவாளிக்கு ஆட்டுக்கறி ஆக்குச்சாம். உப்புப் போட்டோமா இல்லையான்னு மறந்து போச்சாம். ஆரு கண்டான்னு திரும்பவும் போட்டுச்சாம். ரெண்டு தரம் உப்புப் போட்ட கறியத் தின்னுட்டு சுரேந்திரன்..."

"மூணு தரம்."

மெல்லிய குரல். பன்னத்துக்குப் பின்னால், ஏறக்குறைய அவர்கள் காலடியிலிருந்து.

பிரேமலதா வாயைப் பொத்திக்கொண்டாள். ரோஷானி பன்னத்தை விலக்கினாள்.

தர்மிளா ஒரு கல்லின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படங்கு தோளைச் சுற்றியிருந்தது. உதடு வெளுத்துப்போயிருந்தது. அவளுக்கு முன்னால், ஓர் ஆள் படுக்கும் தூரத்தில், குழியின் விளிம்பு.

ரோஷானி போய் அந்த இடைவெளியில் உட்கார்ந்தாள், குழிக்கு முதுகைக் காட்டி. நாகலிங்கம் டோர்ச்சை நிலத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு தள்ளி நின்றார்.

"மூணு தரமா?" என்றாள் ரோஷானி.

"கடைசித் தரம் நான் போட்டேன். அவங்க போடலன்னு நெனச்சு."

தூறல் இலைகளில் விழும் சத்தம் கேட்டது. தர்மிளா காத்திருந்தாள். ஏன் என்ற கேள்விக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று ரோஷானிக்குத் தெரிந்தது. நிலையத்தில் எத்தனையோ பேரிடம் அவள் அதைக் கேட்டிருக்கிறாள். இப்போது தர்மிளாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். மீன் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

"காலையிலேர்ந்து இங்கதான் இருக்கேன்," என்றாள் தர்மிளா. "அந்தப் பக்கமும் போக முடியலக்கா. இந்தப் பக்கமும் வர முடியல. எழும்பவே முடியல."

"தெரியும்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் இன்னைக்கு ஒங்க மாமியா எங் காலு மேல உக்காந்தப்பத்தான் எழும்பினேன்."

தர்மிளாவின் முகத்தில் ஏதோ ஒன்று லேசாக அசைந்தது. சிரிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. "கனமா இருந்திருக்குமே," என்றாள்.

"கீழ என்ன சொல்றாங்க?" என்று தர்மிளாவே கேட்டாள்.

பிரேமலதாவால் மறைக்க முடியவில்லை. "பாண்காரனோட நீ ஓடிட்டன்னு."

"அந்தப் பொடியனோடயா? அவனுக்கு மீச இப்பத்தான மொளைக்குது." பிறகு அதன் அர்த்தம் அவளுக்கு மெதுவாக எட்டியது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். "அப்ப நான் எப்படி வாறது? ஓடலன்னா வேற என்னன்னு கேப்பாங்க. இதச் சொன்னாப் பைத்தியம்பாங்க. பைத்தியத்துக்கிட்ட புள்ளைய விடுவாங்களா? எம் புள்ளையத் தர மாட்டாங்கக்கா. நீங்க போங்க. காணலன்னு சொல்லிருங்க."

தர்மிளா பயந்தது நடக்காது என்று சொல்ல முடியாது, நடக்கக்கூடியதுதான். பொய் சொன்னால் தர்மிளாவுக்கு உடனே தெரிந்துவிடும். குழியின் குளிர் முதுகில் ஏறியது.

"என்னைய என்ன சொல்றாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமில்ல?" என்றாள் கடைசியில்.

"பேய்னு சொல்றாங்க. நானும் சொன்னேன்."

"ரெண்டு பேரும் ஒண்ணாப் போவோம். மொத ஆளா நான் சொல்றேன். திட்டுறதுன்னா மொதல்ல என்னையத் திட்டட்டும். நீங்க என் பின்னால நில்லுங்க. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியல."

தர்மிளா படங்கை இழுத்துச் சுற்றிக்கொண்டாள். பிறகு, எழும்ப முயன்றாள். கால் மடங்கியது. பிரேமலதா ஒரு பக்கமும் ரோஷானி ஒரு பக்கமுமாகப் பிடித்தார்கள். யார் யாரைத் தாங்கினார்கள் என்று சொல்ல முடியாதபடி இறங்கினார்கள். நாகலிங்கம் பின்னால் நடந்தபடி, வழுக்கும் இடங்களில் மட்டும் "மெதுவா, மெதுவா" என்றார்.

லயத்து முற்றத்தில் கூட்டம் நின்றது. நடுவில் பாண் ஆட்டோ, பாட்டு இல்லாமல். சுரேந்திரனும் மற்றவர்களும் ரிப்கானைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவன் சட்டைக் கையொன்று கிழிந்திருந்தது. "நான் சொன்னேனே, அந்த அக்கா பாண் எடுக்கவே வரல்ல, கன நாளா வரல்ல," என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தான்.

தர்மிளாவைக் கண்டதும் எல்லாச் சத்தமும் நின்றது. மகள் ஓடிவந்து அவள் படங்கைக் கட்டிக்கொண்டாள். சுரேந்திரன் ஓரடி எடுத்து வைத்து நின்றான். அவன் முகத்தில் இருந்தது கோபமா பயமா என்று அவனுக்கே தெரியாதுபோல இருந்தது.

"எங்கடி போன?" என்றாள் அழகம்மா.

தர்மிளாவின் பிடி ரோஷானியின் தோளில் இறுகியது. ரோஷானி நாக்கை அசைத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. எத்தனையோ பேரின் வார்த்தைகளை அவள் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். தன்னுடையதை ஒருமுறைகூடக் கொண்டுபோனதில்லை.

"அவங்க யாரோடயும் போகல. மேல காட்டுல இருந்தாங்க, காலையிலேர்ந்து. சொகமில்லாம." யாரோ பேச வாயெடுத்தார்கள், அவள் நிறுத்தவில்லை. "எனக்கு இருக்கிற அதே வருத்தந்தான். மனச்சோர்வுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. பேயில்ல, சோம்பேறித்தனமில்ல, ஆம்பளையும் இல்ல. யாரும் ஒண்ணும் செஞ்சதால வாறதில்ல. எழும்பணும்னு நெனைப்போம், எழும்ப முடியாது. அப்புறம், நாம இல்லன்னா எல்லாருக்கும் நல்லதுன்னு தோணும். எனக்கும் தோணியிருக்கு. அதுக்கு மருந்து இருக்கு. நான் குடிக்கிறேன். இன்னும் முழுசாச் சரியாகல. ஆனா இன்னைக்கு மலை ஏறினேன்."

அவள் பேசி முடித்தபோது மழை கனத்திருந்தது. ஒருவரும் ஒதுங்கவில்லை. பின்வரிசையில் ஒருத்தி, "போலீசுக்குமா பைத்தியம்," என்று மெதுவாகச் சொல்ல, இன்னொருத்தி சிரித்தாள்.

"எவடி சிரிச்சது?" அழகம்மா திரும்பினாள். "வா முன்னுக்கு. வந்து சிரி."

யாரும் வரவில்லை. சுரேந்திரன் ரிப்கானின் அருகே போய், தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னான். ரிப்கான் கிழிந்த கையைப் பார்த்தான், மழையைப் பார்த்தான். ஆட்டோவில் ஏறினான். ஏறியவன் மறுபடி இறங்கி, மிச்சமிருந்த பாணில் இரண்டை எடுத்து தர்மிளாவின் மகள் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

அழகம்மாவின் வீட்டு முன்திண்ணை இஸ்தோப்பில் ரோஷானி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இனி நாளைக்கு அவளால் எழும்ப முடியாமல் போகலாம். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. சுரேந்திரன் வந்து முன்னால் குந்தினான்.

"தங்கச்சி, அந்த டாக்டரம்மா எந்த நாள் இருப்பாங்க?"

"வெள்ளிக்கிழமை. மொத பஸ்ஸுல போகணும், இல்லன்னா நம்பர் கெடைக்காது. அது வரைக்கும் அவங்களத் தனியா விடாதீங்கண்ணே. ராத்திரியும்."

"லீவு போடுறேன்," என்றான்.

"புள்ள?" என்று சுவரோரத்திலிருந்து தர்மிளா கேட்டாள். யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"புள்ளைக்கென்ன," என்றாள் அழகம்மா. "ஒன் மடியிலதான கெடக்கு. கால நீட்டு."

தர்மிளாவின் இரு கால்களிலும் முழங்கால் வரை அட்டைகள். கொழுத்துக் கறுத்துத் தொங்கின. அழகம்மா சுண்ணாம்புக் கரண்டகத்தைத் திறந்து, விரலால் தொட்டு, ஒவ்வொன்றாக வைத்தாள். அட்டைகள் சுருண்டு விழுந்தன. விழுந்த இடத்தில் இரத்தம் மெல்லிய கோடாக இறங்கியது. "இத்தன அட்டைக்கு ரத்தம் குடுத்திருக்கா," என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல முடியல. நான் என்ன பேயா." தர்மிளா அசையாமல் இருந்தாள். சுண்ணாம்பு புண்ணில் பட்டபோதும் அசையவில்லை.

அழகம்மா நிமிர்ந்தாள்.

"எரியுதா?"

"இல்லத்த."

"எரியாம எப்படி இருக்கும். கல்லு மாதிரி இருக்காத. எரிஞ்சா எரியுதுன்னு சொல்லு."

அடுத்த அட்டைக்குச் சுண்ணாம்பு வைத்தாள். அது விழுந்தது. இன்னொன்று. மகள் பாணைப் பிய்த்துத் தாயின் வாயருகே நீட்டிக்கொண்டிருந்தாள்.

"எரியுது," என்றாள் தர்மிளா.

அழகம்மா குனிந்து அந்த இடத்தில் ஊதினாள்.